அழாமல் விட்ட சாவு

எங்கள் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் வாரத்தில் சனிக்கிழமைக் காலை ஆராய்ச்சி உரைகளுக்கு என்று ஒதுக்கியிருப்போம். பெரிய கூட்டம் வராது. வெள்ளிக்கிழமைக் கால்பந்துக்கும் சனிக்கிழமை மாலை விருந்துக்கும் வருகிறவர்கள், காலை நேரத்தில் யூகலிப்டஸ் மரத்தடியில் உட்கார்ந்து பீன்ஸும் பணியாரமும் தின்றபடி பழங்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். அரங்கை நிரப்புவது சங்கச் செயலாளரான என் பாடு. அந்த வருடமும் வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தேன்.

"டிங்கா, என்னை விடுப்பா. பட்டம் வாங்கினப்பவே இனி ஜென்மத்துக்கும் லெக்சர் கேக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேன்" என்றான் ஒருவன்.

"பேசறது நம்ம சியாபிடா."

"ஹாஸ்டல்ல ஸ்டவ்வ வெடிக்க வெச்சானே, அந்த சியாபியா? அப்ப வர்றேன். இன்னிக்கும் எதையாவது வெடிக்க வைப்பான்."

சியாபி எங்களோடு படித்தவன். பிறகு வெளிநாடு போய், ஏரிகளின் அடியில் சேரும் வாயுவைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கி, திரும்பி வந்து இங்கேயே பாடம் நடத்துகிறான். நாடு நாடாகப் போய்ப் பேசுகிறவன், தன் சொந்த வகுப்புத் தோழர்கள் முன்னால் பேசப்போவது அதுதான் முதல் தடவை. காலையிலிருந்து கழுத்துப் பட்டியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

நாகெங் வந்ததை நான் கவனித்தேன். ஏனென்றால் அவள் ஒரு வருடமும் வந்ததில்லை. தெற்கே கும்பாவில் கணக்கு டீச்சர். படிக்கிற காலத்தில் எங்களோடு சிரித்துப் பேசுவாள், நோட்ஸ் தருவாள். ஆனால் விடுமுறை விட்டால் எல்லோரும் மூட்டை கட்டும்போது அவள் மட்டும் விடுதியிலேயே இருப்பாள். எந்த ஊர் என்று கேட்டால் பமெண்டா என்பாள். பமெண்டாவில் எங்கே என்றால் பேச்சை மாற்றுவாள். "விடுதி வாட்ச்மேன்" என்று அவளுக்குப் பெயர் வைத்திருந்தோம். அவளும் அதற்குச் சிரித்துக்கொள்வாள். அன்று சங்கத்தின் முத்திரை அச்சிட்ட பச்சைத் துணியில் கவுன் தைத்துப் போட்டு வந்து, முன்வரிசைகளில் ஒன்றில் தனியாக உட்கார்ந்தாள்.

சியாபி நன்றாகவே ஆரம்பித்தான். பையிலிருந்து ஒரு பீர் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தான். அரங்கம் கைதட்டியது.

"குடிக்கறதுக்கு இல்ல. அதை மத்தியானம் பாத்துக்கலாம்" என்றான். "மூடியிருக்கற பாட்டில்ல கேஸ் இருக்கறது தெரியுதா? தெரியாது. தண்ணி மாதிரி சும்மா இருக்கு. ஆனா குலுக்கிட்டுத் திறந்தா?"

"உன் ஸ்டவ் மாதிரி ஆகும்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. சியாபியும் சிரித்தான்.

பிறகு அபுவே ஏரியைப் பற்றிப் பேசினான். மலைமேல் எரிமலை வாயில் தேங்கிய ஏரி. அடியாழத்தில் காலங்காலமாக வாயு கரைந்துகொண்டே இருந்திருக்கிறது. மழைக்காலம் முடிகிற நேரத்தில் ஒருநாள் கரை சரிந்து விழுந்து தண்ணீரைக் கலக்கியதும், வாயு முழுவதும் ஒரே மூச்சில் வெளியே வந்துவிட்டது. காற்றைவிடக் கனமான வாயு. அது மலையிலிருந்து வெள்ளம்போல் இறங்கிப் பள்ளத்தாக்கில் இருந்த ஊர்களை நிரப்பியது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. எங்கள் மேட்டுநிலத்தில் இதைத் தெரியாதவர்கள் கிடையாது. நாங்கள் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஆனால் ஏரி ஏன் அப்படிச் செய்தது என்று எங்களுக்கு யாரும் விளங்கச் சொன்னதில்லை. சாபம் என்றார்கள், வெளிநாட்டுக்காரர்கள் குண்டு வெடித்துப் பார்த்தார்கள் என்றார்கள். அதனால் அரங்கம் அமைதியாகக் கேட்டது.

திரையில் படங்கள் வந்தன. செத்துக் கிடக்கும் மாடுகள், பழுப்பேறிப்போன ஏரி. அடுத்து ஒரு வீடு. வாசலில் ஒரு பெண் குப்புறக் கிடந்தாள். பக்கத்தில் மக்காச்சோளம் நிறைந்த ஒரு பேசின்.

"இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா" என்று சியாபி கோலால் காட்டினான், "வீடு இடியல. வாழை இலைகூட கிழியல. கதவுல பெயிண்ட் அப்படியே இருக்கு. அதாவது நெருப்போ வெடிப்போ கிடையாது. வெறும் மூச்சுத் திணறல்தான். இந்தப் பெண்மணி..." என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனான்.

"பின்னாடி போ, சியாபி."

நாகெங் எழுந்து நின்றிருந்தாள். அவள் ஏதோ கேள்வி கேட்கிறாள் என்று சியாபி நினைத்தான்.

"கடைசியில கேள்வி நேரம் இருக்கு, நாகெங்..."

"அந்தப் படத்துக்குப் போ."

அவன் போனான். அவள் திரையையே பார்த்தாள். கதவின் மேல்பாதி நீலம், கீழ்ப்பாதி வெறும் மரம்.

"பெயிண்ட் பத்தல" என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. "எங்கப்பா மிஷன்ல மீந்த டப்பாவக் கொண்டாந்து அடிச்சாரு. பாதியிலேயே தீந்துபோச்சு. அடுத்த கிறிஸ்துமஸுக்கு மீதி அடிக்கலாம்னாரு." பிறகு, "அது எங்கம்மா" என்றாள்.

சங்கத் தலைவி எனங்கா அக்கா முன்வரிசையிலிருந்து துள்ளி எழுந்தாள். கடற்கரைக்காரி, எதையும் சத்தமாகச் செய்கிறவள்.

"அடப்பாவிகளா, நிறுத்துங்க அதை! டிங்கா, மெஷினை அணை!"

நான் ஓடினேன். சியாபி அதற்குள் திரையை வெறுமையாக்கிவிட்டான்.

"அணைக்காதீங்க" என்றாள் நாகெங். குரல் உயரவில்லை. "எங்கம்மா படம் எங்கிட்ட வேற இல்ல. வீட்ல இருந்ததெல்லாம் போச்சு. முகம் எப்படி இருக்கும்னே எனக்கு மறந்துடுச்சு. இதுலயும் முகம் தெரியல. பரவாயில்ல, போடு."

சியாபி மறுபடி போட்டான். நாங்கள் எல்லோரும் ஒவ்வொருவராக எழுந்து நின்றோம். யாரும் சொல்லி நிற்கவில்லை. அவள் பார்த்து முடிக்கும்வரை நின்றோம். உரை அத்தோடு முடிந்தது.

அரங்கத்துக்குப் பின்னால் பழைய வேதியியல் வகுப்பின் படிக்கட்டில் அவளை உட்கார வைத்தோம். எனங்கா அக்கா தண்ணீர் கொண்டுவந்தாள், விசிறினாள், "அஷியா, அஷியா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். துக்கத்துக்கு எங்கள் நாட்டில் அந்த ஒரு சொல்தான். சியாபி வந்து எதிரே மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நாகெங், எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. அந்தப் படம் முதல்ல அங்க போன வெளிநாட்டு நிபுணர் எடுத்தது. எல்லாரும் அதைத்தான் போடுவாங்க, நானும்..."

"எங்கெல்லாம் போட்ட?"

"என்ன?"

"எந்தெந்த ஊர்ல காட்டின?"

அவன் சொன்னான். ஜப்பானில், இத்தாலியில், நைரோபியில், தலைநகரில் மந்திரிகள் முன்னால்.

"அங்க யாராவது அவ பேர் என்னன்னு கேட்டாங்களா?"

சியாபி தலையைக் குனிந்துகொண்டான். "இல்ல. நானும் கேக்கல."

"ஃபுன்குயின். எங்கம்மா பேரு ஃபுன்குயின். இனிமே காட்டினா பேரச் சொல்லிக் காட்டு. இல்லன்னா காட்டாத."

பிறகு அவள் தானாகவே பேசினாள். அப்போது அவள் பமெண்டாவில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். ஏரி பொங்கிய அந்த வாரத்து ஞாயிறு பெற்றோர் பார்க்க வரும் நாள். அம்மா வறுத்த மக்காச்சோளமும் வேர்க்கடலையும் கொண்டுவருவாள் என்று கேட்டருகே காத்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. ராணுவம் சாலையை அடைத்துவிட்டது என்று சில நாள் கழித்துத்தான் சிஸ்டர் கூப்பிட்டுச் சொன்னார். அம்மா, அப்பா, தம்பிகள் எல்லோரையும் சிப்பாய்களே குழி வெட்டிப் புதைத்துவிட்டார்கள்.

"யாரும் என்னை அங்க விடல. நானும் போகணும்னு கேக்கல. பாக்காத சாவ எப்படி நம்பறது? ஒருவேளை அம்மா மட்டும் அன்னிக்கு வேற ஊருக்குப் போயிருப்பாளோ, எங்கயாவது ஆஸ்பத்திரியில நினைவு தப்பிக் கெடப்பாளோன்னு நெனச்சுக்குவேன். இப்பவும் சந்தைக்குப் போனா வயசான பொம்பளைங்க முகத்தப் பாப்பேன். கிறுக்குத்தனம்னு தெரியும். ஆனாலும் பாப்பேன்."

"இந்த உரை எதப் பத்தின்னு தெரியாம வந்துட்டியா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சுதான் வந்தேன், டிங்கா. எதனால செத்தாங்கன்னு கேட்டுட்டுப் போயிடலாம்னு வந்தேன். வலி இருந்துச்சான்னு கேக்கணும்னு இருந்தேன்." சியாபியைப் பார்த்தாள். "இருந்துச்சா?"

அவன் பொய் சொல்லப்போகிறானோ என்று நான் பயந்தேன்.

"தூங்கிட்டிருந்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றான். "உங்கம்மா முழிச்சிருந்தாங்க. வாசல் வரைக்கும் வந்திருக்காங்க. கொஞ்சம் தெரிஞ்சிருக்கும். ரொம்ப நேரம் இல்ல."

நாகெங் தலையாட்டினாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். எனங்கா அக்கா அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, அன்று மாலை விருந்து கிடையாது என்று அங்கிருந்தபடியே சத்தம் போட்டு அறிவித்தாள்.

எங்கள் மேட்டுநிலத்தில் புதைப்பது வேறு, அழுவது வேறு. புதைப்பது உடனே முடிந்துவிடும். சாவை அழுவதற்குக் குடும்பம் கூட வேண்டும், துப்பாக்கி வெடிக்க வேண்டும், பறை கொட்ட வேண்டும், வந்தவர்களுக்குச் சோறும் கள்ளும் போட வேண்டும். சிலர் வருடக்கணக்கில் கழித்துக்கூடச் செய்வார்கள். ஆனால் செய்யாமல் விட மாட்டார்கள். நாகெங் தன் வீட்டாரின் சாவை அழவே இல்லை. அதைச் செய்ய வேண்டும் என்று எனங்கா அக்கா முடிவெடுத்துவிட்டாள். அவளுடைய கடற்கரைப் பக்கத்தில் வழக்கம் வேறு. ஆனாலும் முடிவெடுத்தவள் அவள்தான்.

ஆனால் தாய்மாமன் இல்லாமல் அழ முடியாது. நாகெங்கின் தாய்மாமன் ஒருவர் இருந்தார், போபே கும். அன்று மலைக்கு அப்பால் மாட்டுச் சந்தைக்குப் போயிருந்ததால் தப்பியவர். தப்பியவர்களுக்கு அரசாங்கம் கட்டிக்கொடுத்த முகாம் குடியிருப்பில்தான் அன்றிலிருந்து இருக்கிறார். மழைக்காலம் முடிந்ததும் நாகெங், சியாபி, நான் மூவரும் அவரைப் பார்க்கப் போனோம். ராணுவத்துக்கும் பிரிவினைக்காரர்களுக்கும் சண்டை வருவதற்கு முந்தைய காலம். சாலையில் தூசியைத் தவிர வேறு தொந்தரவு கிடையாது.

அவர் வாசலில் மூங்கில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாகெங்கைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. எழுந்திருக்கவில்லை.

"மாமா" என்றாள்.

"வாங்க டீச்சரம்மா" என்றார். "வழி தெரிஞ்சுதா?"

அவள் பையை வாசலில் இறக்கி வைத்தாள்.

"அன்னிக்கு உன் ஸ்கூல் கேட்டு வரைக்கும் வந்தேன். நடந்து வந்தேன். வண்டி ஏது? பொண்டாட்டியையும் கூடப்பொறந்தவளையும் குழியில விட்டுட்டு, இருக்கற ஒருத்தியப் பாக்கலாம்னு வந்தேன். சிஸ்டர் உள்ள போயிட்டு வந்து, அவ வரமாட்டேங்கறாங்கறாங்க. வயித்துவலியாம்."

"வயித்துவலி இல்ல மாமா."

"எனக்குத் தெரியாதா?"

"நீங்க சொல்லிட்டா அது நெசமாயிடும்னு இருந்தேன். அதான் வரல."

கிழவர், வந்தவர்களுக்கு மரியாதையாக உடைத்துத் தரும் கோலா கொட்டையைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் அதை உடைத்து ஒரு துண்டைச் சியாபியிடமும் ஒரு துண்டை என்னிடமும் நீட்டினார். அவளுக்குக் கொடுக்கவில்லை.

"இப்ப எதுக்கு வந்த?"

"அம்மாவ அழணும்."

"உங்கம்மாவ மட்டுமா?"

"அப்பாவ, தம்பிங்கள..."

"அந்தக் குழியில உன் வீட்டாளுங்க மட்டுமா இருக்காங்க? தெருவே இருக்கு. உங்கம்மா மேல படுத்திருக்கறது என் பொண்டாட்டி. அவளுக்குப் பக்கத்துல யார் யார்னு இந்த முகாம்ல கேட்டுப் பாரு, வீட்டுக்கு வீடு சொல்லுவாங்க. பஸ் புடிச்சு, படிச்சவங்களக் கூட்டிக்கிட்டு வந்து, உங்கம்மாவ மட்டும் தனியா உருவி எடுத்து அழுதுட்டுப் போவியா? மத்தவங்கள்லாம் கேட்டுக்கிட்டுப் படுத்திருக்கணுமா?"

எனக்குத் தலையில் அடித்தாற்போல் இருந்தது. எங்கள் திட்டத்தில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. சியாபி ஏதோ சொல்ல வாயெடுத்தான். நாகெங் கையமர்த்தினாள். அவர் முன்னால் மண்டியிட்டாள்.

"நான் போய்க் கேக்கறேன் மாமா. ஒவ்வொரு வீடா கேக்கறேன்."

"போ" என்றார். "அங்க கடைசி வீட்லேருந்து ஆரம்பி. அந்தப் பொம்பள ஆறு புள்ளைங்களப் பறிகொடுத்தவ. உன்ன விரட்டுவா. விரட்டினாலும் உக்காரு."

அவள் போனாள். நாங்கள் கூட வரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். கடைசி வீட்டுப் பெண் விரட்டினாளா என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் போய்ப் பார்த்தபோது இருவரும் அடுப்படியில் அருகருகே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நாகெங்கின் கண்கள் வீங்கியிருந்தன.

ஜனவரியில், எங்கள் மலைகளில் புல் காய்ந்து மஞ்சளாகியிருக்கும் நேரத்தில், அந்தச் சாவை அழுதோம். பழைய மாணவர்கள் ஒரு பஸ் நிறைய வந்தார்கள். எல்லோரும் சங்கத்துப் பச்சைத் துணியில். எனங்கா அக்கா இரண்டு ஸ்வெட்டரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, "மனுஷன் இருக்கற ஊரா இது, பல்லெல்லாம் தந்தியடிக்குது" என்று புலம்பியபடியே மலையேறினாள். முகாமிலிருந்து நடக்க முடிந்தவர்கள் நடந்தும், முடியாதவர்கள் மோட்டார்சைக்கிளில் பின்னால் உட்கார்ந்தும் வந்தார்கள். ஏரியில் இப்போது குழாய் இறக்கி, வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றுகிறார்கள். பகலில் அங்கே போவதற்குத் தடையில்லை.

வீடுகள் போய்விட்டிருந்தன. அவற்றின் அடித்தளக் கற்கள்மேல் புல் வளர்ந்திருந்தது. புல் மூடியிருந்ததால், குழி இருந்த இடத்தைச் சியாபிதான் சரியாகக் காட்டினான். கருவிகளோடு பலமுறை அதைத் தாண்டி நடந்திருக்கிறான். இப்போது அதன் ஓரத்துக்கு வந்ததும் காலணியைக் கழற்றிவிட்டான்.

பழைய வேட்டைத் துப்பாக்கிகள் வெடித்தன. புகை பள்ளத்தாக்கில் மெல்ல இறங்கியது. அதைப் பார்த்துச் சில கிழவிகள் நடுங்கிப் பின்வாங்கினார்கள். மற்றவர்கள் அவர்களைப் பிடித்துக்கொண்டார்கள். போபே கும் முன்னால் வந்து தன் மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். தூரத்தில் வயலில் வேலை செய்கிறவளைக் கூப்பிடுவது போலத்தான் கூப்பிட்டார். பிறகு கடைசி வீட்டுப் பெண் தன் பிள்ளைகளைக் கூப்பிட்டாள், பெரியவனிலிருந்து கைக்குழந்தைவரை. அதற்குமேல் முறை என்று ஒன்று இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் அவரவர் ஆட்களைக் கூப்பிட்டார்கள். மலையிலிருந்து அந்தக் கூச்சல் திரும்பி வந்தது.

நாகெங்குக்குக் குரல் எழவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினாள். போபே கும் திரும்பிப் பார்த்தார். அவள் பக்கத்தில் வந்து நின்று, "அக்கா!" என்று தானே கத்தினார். "அக்கா ஃபுன்குயின்! உன் பொண்ணு வந்திருக்கா!"

அதன்பிறகு அவள் அழுத அழுகையை நான் எழுத மாட்டேன்.

பெண்கள் அவளை உட்காரவைத்துத் தலையை மழித்தார்கள். செம்மரத்தூளை எண்ணெயில் குழைத்துப் பூசினார்கள். மக்காச்சோளக் களியும் கீரையும் வந்தன. மாமன் கோலா கொட்டையை உடைத்து முதல் துண்டை அவளுக்குக் கொடுத்தார். வெயில் சாய்வதற்குள் எல்லோரும் கீழே இறங்கிவிட்டோம். திங்கட்கிழமை மொட்டைத் தலையோடு வகுப்புக்குப் போனதாகவும், பிள்ளைகள் அன்று மட்டும் சத்தம் போடாமல் கணக்குப் போட்டதாகவும் பிறகு சொன்னாள்.

அதன்பின் விடுமுறை தோறும் அவள் முகாமுக்குப் போய்வந்தாள். பிறகு சண்டை வந்தது. சாலை அடைபட்டது. பல்கலைக்கழகத்தில் பழைய மாணவர் வாரம் நின்றுபோனது. முகாமிலும் துப்பாக்கிச் சத்தம் கேட்கத் தொடங்கியதும், ஜனங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு காடு வழியாகத் தெற்கே இறங்கினார்கள்.

போன மாதம் கும்பாவில் அவள் வீட்டுக்குப் போனேன். சின்ன வீடு. முன்னறையில் போபே கும் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். கடைசி வீட்டுப் பெண் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். இன்னும் யார் யாரோ பாயில் படுத்திருந்தார்கள். நாகெங் அடுப்பிலிருந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"உக்காரு டிங்கா, எங்கயாவது இடம் இருந்தா."

"இவ போடற மொளகா இருக்கே" என்றார் கிழவர் என்னிடம், "ஏரி விட்டுவெச்ச ஆளக்கூட இது முடிச்சிடும் போலிருக்கு."

"புடிக்கலன்னா திங்காதீங்க மாமா" என்றாள் அவள், அவர் தட்டில் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டே.